அரிவாள்மனை இல்லாத வீடு

ஓய்வு பெற்றவளிடம் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னால் நாற்பது பக்கம் வரும் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் உங்கள் வயதில், பெரியவர்கள் பேச ஆரம்பித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தவள்தான்.

மனநலப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குப் பாடம் எல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, எந்த நிலையில் டாக்டரிடம் ஓடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது அறைக்கு வெளியே கிடக்கிற பெஞ்சைப் பற்றி.

நோயாளியோடு வருகிற எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் நாம் வைத்திருக்கிற ஒரே பெயர் அட்டெண்டர். பெற்ற தாயும் அட்டெண்டர், பக்கத்து வீட்டுக்காரரும் அட்டெண்டர். "அட்டெண்டர் வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். சாத்தத்தான் வேண்டும். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கதவு அவசியம். ஆனால் சாத்திய பிறகு வெளியே இருப்பவரை மறந்துவிடுகிறோம். அப்படி என்னை மறக்க விடாத ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் வாரத்தில் ஒரு நாள் செட்டிநாட்டுப் பக்கத்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் உட்காருவேன். ஒரு நாள் காலையில் ஓர் ஆச்சி பள்ளிக்கூடம் படிக்கிற மகளோடு வந்தார். ஆச்சி என்றால் வயதானவர் என்று வெளியூர்ப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டு வணிகக் குடும்பத்துப் பெண்களை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். பெயர் விசாலாட்சி. மகள் மெய்யம்மை, பிளஸ் ஒன். மார்ச் மாத வெயிலில் அந்தப் பெண் மணிக்கட்டு வரைக்கும் மூடிய சுடிதார் போட்டிருந்தாள்.

அவர்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில். அங்கேயே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள். காரில் வந்தால் காரை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று பஸ்ஸில் வந்திருந்தார்கள். வீட்டில் பிள்ளையார்பட்டிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்ததாக ஆச்சி சொன்னார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று வழியில் உண்மையாகவே இறங்கிச் சாமி கும்பிட்டு, அருகம்புல்லும் திருநீறுமாகத்தான் என் அறைக்குள் வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பிள்ளையாருக்கு அந்த வருஷம் நல்ல வரும்படி என்று நான் கேலி செய்தபோது ஆச்சி சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தது அபூர்வம்.

முதல் நாள் மெய்யம்மையிடம் தனியாகப் பேசினேன். டாக்டரும் பார்த்தார். பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதும் ஆச்சி பெஞ்சிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார்.

"உள்ள என்ன சொன்னா மேடம் எம் மக?"

நாம் எல்லாரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன். "அவ சொன்னது அவளுக்கும் எனக்கும் ஆச்சி. உசுருக்கு ஆபத்துன்னு பட்டா அந்த நிமிஷமே ஒங்களக் கூப்புட்டுச் சொல்லிருவேன். மத்தத அவளாச் சொல்ற வரைக்கும் பொறுங்க."

"நான் பெத்தவ" என்றார் ஆச்சி. "என்னய வெளிய ஒக்கார வச்சுட்டு, யாருன்னே தெரியாத ஒங்ககிட்ட எல்லாத்தயும் சொல்றா. சரி. ஒங்ககிட்டயாவது சொல்றாளே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாடு பரிமாறும்போது என் மகன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். "என்னம்மா?" என்றான். "கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். நீங்களும் ஒரு நாள் இதைச் செய்வீர்கள்.

மெய்யம்மையின் அப்பா பழனியப்பன், முன்னோர் கட்டிய பெரிய வீட்டின் மாடி அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்குத் தங்கக் கொடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த விருந்தாளிகளுக்கு ஆச்சி சமையல் சொல்லிக் கொடுப்பார். எங்கெங்கோ இருந்து வந்த வெள்ளைக்காரிகள் ஆச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கக் கற்றுக்கொள்வார்கள். அப்படி எடுத்த படங்களை ஆச்சி போனில் எனக்குக் காட்டியிருக்கிறார். படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற பெண்ணும் என் எதிரே இருக்கிற பெண்ணும் ஒருவர்தான் என்று நம்புவதற்குச் சிரமமாக இருக்கும்.

கூர்மையான பொருள்களையும் மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் வையுங்கள், திட்டாதீர்கள், ரொம்ப நேரம் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரியான புத்திமதி. நானும் அதைத்தான் சொல்வேன், நீங்களும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பயந்துபோன பெற்றோர் நாம் சொன்னதை எவ்வளவு தூரம் கொண்டுபோவார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

கொஞ்ச வாரம் கழித்து ஆச்சி கூப்பிட்டார் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெய்யம்மையின் பழைய டீச்சர் என்று என்னை வேலைக்காரம்மாவிடம் அறிமுகம் செய்து வைத்தார். சாப்பிட உட்கார்ந்தோம். கீரையைக் கையால் கிள்ளிப் போட்டு மசியல். உரித்த வெங்காயம் முழுசு முழுசாய்க் கிடக்கிற குழம்பு. சுண்டல், அப்பளம். ருசிக்கு ஒரு குறையும் இல்லை, ஆச்சி கை அப்படி. பாதிச் சாப்பாட்டில்தான் எனக்கு உறைத்தது. இலையில் நறுக்கிய பொருள் ஒன்றுகூட இல்லை.

"அருவாமனையத் தூக்கிக் குடுத்துட்டேன் மேடம்" என்றார் ஆச்சி, நான் இலையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "கத்தி, கத்திரிக்கோலு எல்லாம். பூட்டித்தான் வச்சேன் மொதல்ல. பூட்டி வச்சா அந்தப் பூட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். எங்குட்டு இருந்தாலும் எம் மனசு அங்குட்டுப் போயி நிக்கிது. அதான் வீட்டுல இல்லாமப் பண்ணிட்டேன்."

சமையல் வகுப்பும் அதோடு நின்றுபோயிருந்தது. பழனியப்பன் தன் பங்குக்கு வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாள்களைக் கழற்றியிருந்தார். குளியலறைக் கதவும் அதில் அடக்கம். மகள் குளிக்கிற நேரம் ஆச்சி அந்தக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் வீட்டுக் கதவுகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பர்மாத் தேக்கு, ஆளுயரத் தாழ்ப்பாள். அத்தனை பெரிய வீட்டில் ஒரு கதவையும் தாழ் போட முடியாது.

வாசல் வரை வழியனுப்ப வந்த மெய்யம்மை என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இந்த வீட்டுல யாரும் எம் மொகத்தப் பாக்குறதில்ல மேடம். கையத்தான் பாக்குறாக."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கத்தியை எடுத்தது தப்பா? இல்லை. காவல் இருந்தது தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. மகள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த இரண்டு பேர் மனசிலும் வேறு நினைப்பே இல்லை. அந்த நினைப்பு பெருத்துப் பெருத்து, அந்த வீட்டில் மகள் இருக்கவே இடமில்லாமல் போயிருந்தது. பெற்றோருக்கு மகளின் காயம் தெரிகிற அளவுக்கு மகள் தெரியவில்லை.

அதற்குள் காரணம் தேடுகிற வேலையும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஜாதகத்தில் சனி என்றார்கள், போன் என்றார்கள், பள்ளிக்கூடத்துத் தோழி என்றார்கள். கடைசியில் சுற்றிச் சுற்றி ஆச்சி தலையில் வந்து விழுந்தது. பழனியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். பஸ் நிலையத்து டீக்கடையிலேயே உட்கார்ந்துவிடுவார். ஆச்சி பெஞ்சில், அவர் டீக்கடையில், பிள்ளை என் எதிரே. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில்தான் திரும்புவார்கள். பேச்சு மட்டும் இருக்காது.

பிள்ளையார் நோன்பு வந்தது. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். எனக்கு இது ஆச்சி சொல்லித்தான் தெரியும். கார்த்திகை தீபம் கழிந்து வருகிற நோன்பு. மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்து சின்னதாகப் பிடித்து, புதுத் துணி நூலைத் திரியாக அதில் வைத்து ஏற்றுவார்கள். அதற்கு இழை என்று பெயர். பங்காளிகள் எல்லாரும் கூடியிருக்க, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எரிகிற இழையைக் கொடுப்பார். கை நீட்டி வாங்கி, சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அன்றைக்கு அவர்கள் எங்கேயாவது கூடி இழை எடுத்துவிடுவார்கள். மெய்யம்மை சின்ன வயதில் பயப்படாமல் முதல் ஆளாகப் போய் வாங்குவாளாம். அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

கை நீட்டி வாங்க வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் பெற்றோருக்குச் சிக்கல். எவ்வளவு நீளச் சட்டை போட்டாலும் கையை நீட்டினால் மேலே ஏறும். வளவு என்கிற நடுமுற்றம் நிறையச் சொந்தக்காரர்கள், நேர் முன்னால் விளக்கு வெளிச்சம். ஒருத்தி பார்த்தால் போதும், மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் அந்தப் பேச்சுதான் முன்னால் வந்து நிற்கும்.

பழனியப்பன் ஒரு முடிவெடுத்தார். மெய்யம்மை மதுரையில் கோச்சிங் கிளாஸில் இருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அவளை மாடி அறை ஒன்றில், சத்தம் போடாமல் இரு என்று உட்கார வைத்தார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து சாத்தி, முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியை வைத்தார்கள்.

அடுத்த வாரம் மூன்று பேரும் என் அறை வாசலில் நின்றார்கள். பழனியப்பன் டீக்கடைக்குப் போகவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நோன்பு அன்றைக்கு ராத்திரி பிள்ளை மறுபடி தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறாள், முன்பைவிட மோசமாக. அவளை டாக்டர் உள்ளே அழைத்துக்கொண்டார். நான் அம்மா அப்பாவை என் அறையில் உட்கார வைத்தேன்.

"எங்கயாச்சும் ஒரு ஆஸ்டல்ல சேத்து விட்டுருங்க மேடம்" என்றார் பழனியப்பன். "எங்களால ஆகல. மதுரையோ சென்னையோ, எங்கயானாலும் சரி."

பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சமையல் சொல்லிக் குடுத்தேல்ல. பெத்த புள்ளை என்ன செய்யிதுன்னு பாத்தியா?"

ஆச்சி தலை நிமிரவே இல்லை. புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ குளிக்கிறப்ப வெளிய ஒக்காந்திருப்பேன்ல மேடம். போன வாரம் உள்ள தண்ணிச் சத்தம் கொஞ்ச நேரம் கேக்கல. எந்திரிச்சுக் கதவத் தள்ளணும். தள்ளல. ஆனது ஆகட்டும், இனிமே நான் தூங்கலாம்னு ஒரு நெனப்பு வந்துச்சு. பெத்தவளுக்கு வரலாமா அந்த நெனப்பு? அப்பறம் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு."

பிள்ளைகளே, இந்த இடத்துக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள் வேலையில் இப்படி ஒரு வார்த்தை என்றைக்காவது உங்கள் மேஜையில் வந்து விழும். அப்போது "அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா" என்று சொல்லி மூடிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். அது ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் உண்மையில் வாயைப் பொத்துவதுதான். முகத்தில் அதிர்ச்சியும் காட்டாதீர்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அன்றைக்கு "எத்தன நாளாச்சு ஆச்சி நீங்க தூங்கி?" என்று மட்டும் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. மகள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று இத்தனை மாதமாக அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் தூங்கினாரா என்று நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை.

பழனியப்பன் எழுந்துவிட்டார். மனைவியை அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன். மேஜையைச் சுற்றி வந்து ஆச்சி பக்கத்தில் நின்றுகொண்டேன். "சார், ஒக்காருங்க" என்றேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவ்வளவு பெரிய மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"இவ பழக்கத்துல அவளுக்கும் சேத்து இழை புடிச்சுட்டா மேடம்" என்றார். "எல்லாரும் எடுத்து முடிச்சாச்சு. தட்டுல ஒண்ணு மிஞ்சிருச்சு. எரிஞ்சுக்கிட்டு இருக்கு. எங்கண்ணன் கேட்டாக, இது யாருக்குடான்னு. எல்லாரும் என்னயவே பாக்குறாக. கணக்குத் தப்பாப் போச்சுண்ணேன்னு சொல்லிட்டேன். மேல அவளுக்குக் கேட்டிருக்கு. அந்த வீட்டுல வளவுல பேசுனா மாடிக்குத் தெளிவாக் கேக்கும். எம் புள்ளயக் கணக்குத் தப்புன்னு சொல்லிட்டேன் மேடம்."

அந்த இழையை அவர் அண்ணன் ஊதி அணைத்து ஓரமாக வைத்துவிட்டாராம். யாரும் அதை எடுக்கவில்லை.

ஆஸ்டலில் சேர்ப்பதா, டாக்டரைக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் புத்தி சொல்ல வைப்பதா, ஆச்சியை முதலில் தேற்றுவதா என்று மனசு நாலு பக்கமும் ஓடியது. யோசிக்க நேரமில்லை. டாக்டர் அறைக்குப் போய், அப்பாவோடு பேச இன்றைக்கு அவளால் முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். திரும்பி வந்து பழனியப்பனிடம் சொன்னேன். "இப்ப என்கிட்டச் சொன்னத அப்படியே போயி அவகிட்டச் சொல்லுங்க சார். ஏன் அப்படிச் சொன்னோம்னு வெளக்கம் வேண்டாம். ஊருக்காகன்னு ஆரம்பிக்காதீக. தப்பாச் சொல்லிட்டேன்னு மட்டும் சொல்லுங்க."

"அவ மொகத்த எப்படிப் பாப்பேன்?"

"மொகத்தத்தான் பாக்கணும்."

மெய்யம்மை என் அறைக்கு வந்தாள். டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். அப்பாவும் மகளும் உள்ளே இருக்க, நானும் ஆச்சியும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். பெஞ்சில் உட்கார்ந்தோம். அவ்வளவு வருஷம் அங்கே வேலை பார்த்தும் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கத்துக் கால் ஆடும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. ஒரு குரல் உயர்ந்தால் பகீர் என்கிறது, சத்தமே இல்லாவிட்டால் அதைவிடப் பகீர் என்கிறது. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதமாக இவர் தனியாக இதில் உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. மாத்திரை, ஆலோசனை, நடுவில் இரண்டு தடவை மறுபடி சறுக்கல், பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பின்தங்கல் என்று இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் குளியலறைத் தாழ்ப்பாள் முதலில் திரும்ப வந்தது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அடுத்த வருஷ நோன்புக்கு மெய்யம்மை வளவுக்கு வந்து கை நீட்டி இழை வாங்கினாள். யாரோ ஒரு சித்தி அவள் கையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது?" என்றாளாம். "ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு. வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று பழனியப்பன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். ஊரில் பேசத்தான் செய்தார்கள். கொஞ்ச நாளில் வேறு யாரைப் பற்றியோ பேசப் போய்விட்டார்கள். மெய்யம்மை பிளஸ் டூ முடித்து, கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் கதவைத் திறந்தபோது பெஞ்சில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மெய்யம்மை அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். பழைய தழும்புகளை அவள் மறைக்கவில்லை. ஆச்சி பாதியாய் இளைத்திருந்தார்.

"எனக்கில்ல மேடம், அம்மாவுக்கு" என்றாள் மெய்யம்மை. "நான் நல்லா இருக்கேன்னு எவ்வளவு சொன்னாலும் அவுகளுக்குப் போய்ச் சேரல. தெனமும் வீடியோல கூப்புடுறாக. சாப்புட்டியான்னு கேக்குறதுக்கு முன்னாடி கையக் காட்டுங்குறாக. நானும் காட்டுறேன். லீவுக்கு வந்தப்ப சிங்கம்புணரிச் சந்தையில ஒரு அருவாமனை வாங்கிக் குடுத்தேன், பழையபடி சமைங்கம்மான்னு. அது முன்னாடி ஒக்காந்தாக. ஒண்ணும் நறுக்கல. அதத் தூக்கிட்டுப் போயிக் கெணத்துல போட்டுட்டாக."

குற்றம் செய்துவிட்ட குழந்தை மாதிரி ஆச்சி எழுந்து நின்றார்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு நான் ஒப்புக்கொள்வதில்லை. காயம் பட்டவள் ஆறி வெளியே வந்துவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவர் இன்னும் அந்தக் குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாம் மகளுக்குச் சிகிச்சை கொடுத்து அனுப்பிவிட்டோம். அவருக்கு என்ன கொடுத்தோம்? நானும் டாக்டரும் இருந்தும், இந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவர அந்தப் பெண்தான் வளர்ந்து வர வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். உங்களுக்கு அந்த வருத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். என் எதிரே பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் முதல் தடவையாக அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசினார். பேசி முடித்ததும் முகம் கழுவப் பக்கத்து அறைக்குப் போனார். நான் வெளியே வந்தேன்.

மெய்யம்மை எழுந்து நின்றாள்.

"உள்ள என்ன சொன்னாக மேடம் எங்கம்மா?"

முதல் நாள் அவள் அம்மாவுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன். "அவுக சொன்னது அவுகளுக்கும் எனக்கும் மெய்யம்மை. அவுகளாச் சொல்ற வரைக்கும் பொறு."

"சரி மேடம்" என்றாள். அம்மா வரும் வரைக்கும் இருக்கலாம் என்று பெஞ்சில் மறுபடி உட்காரப் போனவள், கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கால் ஆடுகிற பக்கம் தான் உட்கார்ந்துகொண்டு, ஆடாத பக்கத்தை அம்மாவுக்கு விட்டுவைத்தாள்.